ஓனர் வீட்டில் இருக்கக் கூடாது

விலையைச் சொல்லி முடித்ததும் மாமி கண்ணாடியைத் தேடுவார். கைப்பையைத் திறந்து ஒரு கூட்டை எடுப்பார். அதில் ஒன்றும் இருக்காது. மூடி ஓரமாக வைப்பார். அப்புறம் பர்ஸ், குடை, ஜெராக்ஸ் கட்டு, விபூதிப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாக மடிக்கு வரும். அடியிலிருந்து இன்னொரு கூடு வரும். கண்ணாடியைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிடும், சில நாள் ஒன்றரை நிமிடம். அத்தனை நேரம் சும்மா இருக்க எதிரே உட்கார்ந்திருப்பவரால் முடியாது. ஏதாவது பேசிவிடுவார். பேசினால் பெரும்பாலும் ஒரு லட்சம் ஏறும் அல்லது இறங்கும். மாமிக்குக் கண்ணாடி வேண்டியது பத்திரம் படிக்கத்தான், விலை பேச இல்லை என்பது எனக்கு உறைக்க எட்டு மாதம் பிடித்தது.

நான் அவரிடம் சேர்ந்தது 2021-இல். தி.நகரில் நான் வேலை பார்த்த டிராவல் ஏஜென்சி கொரோனாவில் கடையைச் சாத்திவிட்டது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் வீடு மாறுகிற எல்லோருக்கும் மாமியைத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் வீட்டுத் தரகு. பெயர்ப் பலகையோ ஆபீஸோ விசிட்டிங் கார்டோ கிடையாது. ஒரு நாள் காய்கறிக் கடையில் என்னை நிறுத்தி, "நீ வண்டி ஓட்டுவியோல்லியோ?" என்றார். அதுதான் இன்டர்வியூ. சம்பளம் இல்லை. பெட்ரோல் காசு, படிந்த வியாபாரத்தில் கால் பங்கு. முதல் ஆறு மாதம் நான் டிரைவர்தான். வீடு காட்டும்போது கூட வரலாம், வாயைத் திறக்கக் கூடாது.

அவருடைய மூலதனம் ஒரு நீள நோட்டு. வீட்டுக்கு ஒரு வரி. தெரு, மாடி, சதுர அடி, ஓனர் கேட்கிற விலை, பக்கத்தில் மாமி போடுகிற விலை. இரண்டாவது எண்ணை ஓனரிடம் காட்ட மாட்டார். வீடு கைமாறியதும் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடிப்பார். நோட்டை நான் தூக்கிக்கொண்டு அலையலாம், புது வரி எழுதலாம். அடிக்கிற வேலை மட்டும் அவருடையது.

முதல் பாடம் லேக் வியூ ரோடு பக்கத்தில் ஒரு வீட்டில். அந்தச் சாலையில் ஏரி கிடையாது. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் அந்தப் பக்கம் தியாகராய நகர் எழுந்தது. பேர் மட்டும் இந்தக் கரையில் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீருக்கும் பழைய ஞாபகம் வந்துவிடுகிறது என்பதுதான் சங்கடம். 2015 டிசம்பருக்கு அப்புறம் இந்தப் பகுதிக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் வாஸ்துவைக் கேட்பதற்கு முன்னால் வெள்ளத்தைக் கேட்கிறார்கள். மாமி அவர்கள் கேட்கும் வரை காத்திருப்பதில்லை. ஃபோனிலேயே சொல்லிவிடுவார். "கார் பார்க்கிங்ல முழங்கால் வரைக்கும் நின்னுது. படி ரெண்டு நனைஞ்சுது. அதுக்கு மேல வரலை. லிஃப்ட் கிடையாது. இதெல்லாம் சரின்னா வாங்கோ." எனக்கு இது தலைகீழாகப் பட்டது. குறையையெல்லாம் முதலிலேயே கொட்டினால் யார் வருவார்கள்? "நாம சொன்னா அது தகவல். அவாளே வந்து கண்டுபிடிச்சா அதுக்கு ஒரு விலை போட்டுக் கழிப்பா" என்றார்.

அந்த வீட்டு ஓனர் ரிட்டயரானவர், நல்ல மனிதர். வந்த தம்பதிக்குக் காபி கொடுத்தார். ஒவ்வோர் அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். உள் அறையில் ஜன்னல் ஓரம் நின்று, "இங்கதான் என் வைஃப் கடைசி மூணு மாசம் படுத்திருந்தா" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அந்தப் பெண் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். வீட்டில் கலக்கிறோம் என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம், இந்தத் தொழிலில்.

வெளியே வந்ததும் மாமி சொன்னார். "இனிமே வீடு காட்டற நேரத்துல அவர் அயோத்தியா மண்டபத்துல உக்காந்து உபன்யாசம் கேக்கட்டும். ஓனர் வீட்டுல இருக்கப்படாது." அடுத்த முறை சாவியை வாங்கிக்கொண்டு நாங்களே காட்டினோம். மூன்றாவது பார்ட்டிக்கு முடிந்தது. உபன்யாசம் ஒன்பது நாள் ஓடியது என்று நினைவு.

விற்கிற வீட்டுக்கும் "பார்ட்டி வெஜிடேரியனா?" என்று கேட்கிற ஓனர்கள் இந்தப் பேட்டையில் உண்டு. வாடகைக்குக் கேட்பதே எனக்குப் பிடிக்காது. விற்றுவிட்டுப் போன அடுப்படியில் யார் என்ன சமைத்தால் இவர்களுக்கு என்ன? பொறுக்கமாட்டாமல் மாமியிடமே கேட்டுவிட்டேன், அவர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை என்று. "சொல்றதை எழுதிக்கோ. எல்லாருக்கும் காட்டு. செக்கைக் கண்ணால பாத்தா அந்தக் கேள்வி மறந்துபோயிடும்" என்றார். இரண்டு முறை மறந்துபோனதை நானே பார்த்தேன். ஒருவர் மறக்கவில்லை. அவர் வீடு இன்னும் நோட்டில் அடிபடாமல் இருக்கிறது.

மாமி பொய்யே சொல்லாதவர் என்று எழுதினால் அது பொய். "இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட நிக்கறா" என்பார். நிற்கிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் மேலே வைத்துப் பேசுவது மட்டும் அவரிடம் கிடையாது. ஓனரிடம் எழுபது, வாங்குகிறவரிடம் எழுபத்து மூன்று என்று சொல்லி நடுவில் மூன்றை அமுக்குகிறவர்கள் உண்டு. அதற்காகவே இரண்டு தரப்பையும் பத்திரம் எழுதும் நாள் வரை சந்திக்கவிட மாட்டார்கள். மாமிக்குச் சொன்னது ஒரு சதவீதம், விற்பவரிடம் ஒன்று, வாங்குபவரிடம் ஒன்று. புதிய அடுக்ககத் திட்டங்களை விற்கிற முகவர்கள் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பழைய வீட்டை ஒரு குடும்பத்திடமிருந்து இன்னொரு குடும்பத்துக்குக் கைமாற்றுகிற எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் அந்த வலையில் விழுவதில்லை. அதனால் எங்களை நம்புவதா வேண்டாமா என்பதற்கு அக்கம்பக்கத்தில் விசாரிப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

இரண்டாம் வருடம் வில்லங்கச் சான்று படிக்கக் கற்றுக்கொண்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பத்திரப் பதிவுத் துறையின் தளத்தில் யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துவிடலாம். எடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் எத்தனை பதிவுகள் என்று பார்த்து மூடி வைத்துவிடுவார்கள். மாமி ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்குவார். ஒவ்வொரு பதிவிலும் 'எழுதிக் கொடுத்தவர்', 'எழுதி வாங்கியவர்' என்று இரண்டு கட்டம். மேலே வாங்கியவர் கீழே கொடுத்தவராக வரவேண்டும். கல்யாண வீட்டில் பாத்திரம் கைக்குக் கை மாறுகிற மாதிரி. நடுவில் ஒரு கை இல்லை என்றால் அங்கே ஒரு கதை இருக்கிறது. அப்பா இறந்து வாரிசுகள் வந்திருப்பார்கள், அல்லது பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்று கேட்கவேண்டி வரும். கதை தப்பில்லை, கதைக்குக் காகிதம் இருக்க வேண்டும் என்பார். வாரிசுச் சான்றிதழ், விடுதலைப் பத்திரம், எதுவாக இருந்தாலும்.

அடுத்தது தன்மை என்ற கட்டம். விற்பனையா, செட்டில்மென்ட்டா, அடமானமா? வங்கிக் கடனுக்கு மூலப் பத்திரத்தை ஒப்படைத்திருந்தால் அது ஒரு பதிவாக நிற்கும். எம்.ஓ.டி. என்போம். கடனைக் கட்டி முடித்து வங்கியிலிருந்து பத்திரத்தை வாங்கி வந்தால் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முடியாது. வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதிந்தால்தான் அது தீரும். "ஏத்தின விளக்கை அணைக்கிற மாதிரி, தனியா ஒரு தரம் அணைக்கணும்" என்பார் மாமி. இதை நான் எத்தனை ஓனர்களுக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேப் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். ஓனர் 850 சதுர அடி என்பார், பத்திரம் 810 என்னும், உள்ளே சுவருக்குச் சுவர் அளந்தால் 655 வரும். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் மாடிப்படியையும் வராந்தாவையும் சேர்த்துக்கொண்டார், ஒருவர் சுவரைச் சேர்த்துக்கொண்டார், டேப் காலி இடத்தை மட்டும் அளந்தது. பழைய கட்டடத்தில் விலையைத் தீர்மானிப்பது இந்த மூன்றும் இல்லை, யு.டி.எஸ். என்கிற பிரிபடாத நிலப் பங்கு. சுவர் தேயும், நிலம் தேயாது.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பா 1996-இல் வாங்கியது. இரண்டு கிரவுண்டு நிலம், பன்னிரண்டு வீடு, எங்களுடையது இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. அப்பா 2023-இல் போய்விட்டார். அம்மாவுக்கு முட்டி. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்க முடியும், ஏறுவதற்குள் முதல் மாடித் திருப்பத்தில் உட்கார ஒரு ஸ்டூல். நங்கநல்லூரில் லிஃப்ட் உள்ள சின்ன வீடாக வாங்கிக்கொள்வது என்று முடிவானது. அண்ணன் பெங்களூரிலிருந்து வந்தான். அவனும் நானும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு 40,000, பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டு வில்லங்கம் வராமல் இருக்க அது மலிவு.

"நீயே புரோக்கர், உனக்கு எதுக்குடி புரோக்கர்?" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. நாலு வருடப் படிப்பு. 2025 ஏப்ரலில் மாமியிடம், "எங்க வீட்டை நானே பாத்துக்கறேன் மாமி" என்றேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "பேஷா பண்ணு" என்று சொல்லி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். வேறு ஏதோ வீடு என்று நினைத்தேன்.

இணையத்தில் விளம்பரம் போட்டேன். 'நேரடி உரிமையாளர்' என்று எழுதி, அதன் கீழே 'தரகர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்' என்றும் எழுதியபோது விரல் கொஞ்சம் தயங்கியது. முதல் நாள் முப்பத்தொரு அழைப்பு. அதில் இருபத்தாறு தரகர்கள். "பார்ட்டி ரெடியா இருக்கு மேடம், பணம் கையில." இதே வாக்கியத்தை இதே ஏற்ற இறக்கத்தோடு நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஒருவரிடம், "நானும் லைன்லதான் இருக்கேன் சார்" என்றேன். "அப்ப ஃபிஃப்டி ஃபிஃப்டி பண்ணிக்கலாமா மேடம்?" என்றார் சளைக்காமல்.

காகித வேலையில் எனக்குக் கஷ்டமே இல்லை. பத்திரத்தில் வீடே இல்லை என்று ஒருவர் பதறினார். 1996-இல் நிலப் பங்கை மட்டும் பதிவார்கள், '4,800 சதுர அடியில் பிரிபடாத 405 சதுர அடி' என்று. வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம், பதியாத காகிதம். அப்பா அதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். எடுத்துக் காட்டினேன். இன்னொருவர் அம்பதைப் பத்திரத்தில் காட்டிவிட்டு முப்பதை ரொக்கமாகத் தருகிறேன் என்றார், அவருக்குப் பதிவுச் செலவு குறையுமாம். வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஒன்பது சதவீதம், முப்பதுக்கு இரண்டு லட்சத்து எழுபதாயிரம் மிச்சம். எனக்கு? வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் போட 2015-லிருந்து சட்டம் இருக்கிறது. கும்பிடு போட்டு அனுப்பினேன்.

தகராறு வந்தது வேறு இடத்தில். அம்மாவை எந்தக் கோவிலுக்கு அனுப்புவது? இறங்கினால் ஏற முடியாது. அதனால் வருகிற ஒவ்வொருவரிடமும் கதவைத் திறந்ததும் முதல் பேச்சே, "எனக்கு முட்டி வலிம்மா. இந்தப் படி ஏறி எறங்க முடியல, அதான் விக்கிறோம்." ஃபோனில் நான் 'லிஃப்ட் இல்லை' என்று தகவலாகச் சொன்னது, இங்கே வைத்தியரின் சீட்டாக மாறிவிடும். வயதான மாமியாரோடு வந்த ஒரு பெண், மாமியாரின் முட்டியைப் பார்த்தாள். அத்தோடு முடிந்தது.

அம்மாவையாவது உள் அறையில் உட்கார வைக்கலாம். என்னை எங்கே வைப்பது? புத்தக அலமாரி இருந்த சுவரைக் காட்டும்போது, "இது அப்பா தானே பிளான் போட்டு அடிச்சது, பர்மா தேக்கு" என்கிறேன். குழந்தையோடு வந்தவர்களிடம் கதவு நிலையில் பென்சிலால் குறித்த எங்கள் உயரங்களைக் காட்டுகிறேன். சமையலறை அக்னி மூலையில் இல்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, "முப்பது வருஷமா நாங்க நல்லாத்தானே இருக்கோம்?" என்று சுள்ளென்று சொல்லிவிட்டேன். மாமியோடு போயிருந்தால், "கேஸ் அடுப்பைக் கிழக்கு மேடைக்கு மாத்திக்கலாம், பிளம்பர் நம்பர் தரேன்" என்றிருப்பேன். அவர் கேட்டது கட்டடத்தைப் பற்றி. என் காதில் விழுந்தது எங்கள் வீட்டைப் பற்றி. சாவியை வாங்கிக்கொண்டு அந்நியராக உள்ளே நுழைவதற்குத்தான் அந்த ஒரு சதவீதம் என்பது லேக் வியூ ரோட்டில் புரிந்திருக்க வேண்டியது. வண்டியை நிறுத்தி வாசலில் நின்றவளுக்கு அது ஒரு தந்திரமாக மட்டும் தெரிந்திருந்தது.

ஆனாலும் ஜூன் மாதம் ஒரு நல்ல பார்ட்டி வந்தது. ஐ.டி. வேலை, இருவர் சம்பளம். நான் 84 சொல்லி, அவர்கள் 81-க்கு வந்து, டோக்கன் கொடுக்கத் தயார். அவர்கள் வக்கீல் வில்லங்கச் சான்று எடுத்தார். மறுநாள் ஃபோன். "மேடம், 2013-ல ஒரு எம்.ஓ.டி. நிக்குதே?"

அண்ணன் மேல்படிப்புக்காக அப்பா வாங்கிய கடன். 2020-இல் கட்டி முடித்தாயிற்று, பத்திரம் பீரோவில் இருக்கிறது. விளக்கை யாரும் அணைக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஸ்கேல் வைத்துப் படித்தவள் சொந்த வீட்டு வில்லங்கத்தை எடுத்துப் பார்க்கவே இல்லை. விடுதலைப் பத்திரம் பதிந்தபோதுகூட இல்லை. நம் வீட்டில் என்ன வில்லங்கம் இருக்கப்போகிறது என்ற எண்ணம்தான். இப்போது ரிசர்வ் வங்கி விதி மாறியிருக்கிறது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்து, பதிவில் உள்ள அடமானத்தையும் நீக்கித் தரவேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய். அது 2023 டிசம்பரிலிருந்துதான். எங்கள் கடன் அதற்கு முன்னால் தீர்ந்தது. கிளை மாறி, ஃபைல் வேறு எங்கோ போய், கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவருக்கு லீவு வந்து, ரசீது ஆவணம் பதியும்போது ஜூலை இரண்டாவது வாரம். ஐ.டி. தம்பதி அதற்குள் ஆதம்பாக்கத்தில் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். ஜூலை 17-ஆம் தேதி ஆடி பிறந்தது. ஆடியில் சென்னையில் வீடு பார்க்கவும் வரமாட்டார்கள், 'பாத்துட்டோம்' என்று சொல்லவும் மாட்டார்கள்.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் ஃபோன் வந்தது.

"நாளைக்கு ஒரு பார்ட்டியைக் கூட்டிண்டு வரேன். பதினெட்டாம் பெருக்கு, அட்வான்ஸ் குடுக்கலாம்னா."

"மாமி, இது எங்க வீடு."

"தெரியும்டி. நான் வாங்கறவா பக்கம். உங்கிட்ட கமிஷன் கேக்கப்போறதில்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். கணவருக்கு ரயில்வே, மனைவி டீச்சர், மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு வேண்டும். மாமி மெதுவாக ஏறினார். முதல் மாடித் திருப்பத்தில் அம்மாவின் ஸ்டூலைப் பார்த்து, "நல்ல காத்து இங்க" என்று உட்கார்ந்தார். அவர்களும் நின்றார்கள். இரண்டாவது மாடிக்கு வந்தபோது யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. அம்மா முட்டியைப் பற்றி ஆரம்பித்ததும், "மாமி, கொஞ்சம் தீர்த்தம் கொண்டு வரேளா?" என்று உள்ளே அனுப்பிவிட்டார். என்னிடம் குழாயைத் திறந்து காட்டச் சொன்னார், மோட்டார் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இதுவரை இந்த வீட்டுக்குள் வந்தே இராதவர் போல. அப்பாவின் திவசத்துக்குப் பட்சணம் கொண்டு வந்தவர் அவர்.

பேசுவதற்கு உட்கார்ந்தோம். மாமி 76 என்றார். நான் சிரித்தேன், 80 என்றேன். சரியாகத்தான் சொன்னேன். சொன்னதும் மாமி கைப்பையைத் திறந்தார்.

காலிக் கூடு வெளியே வந்தது. எனக்குத் தெரியும். இதை நூறு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடுத்து பர்ஸ் வரும், குடை வரும். பேசாதே, பேசாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெராக்ஸ் கட்டு வந்தது. டீச்சர் கதவு நிலையில் இருந்த பென்சில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் மின்விசிறி க்ரீச் என்று ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கத்தியது. அதற்கு எண்ணெய் போடச் சொல்லி அப்பா எத்தனை தடவை சொன்னார் என்று நினைத்தேன். விபூதிப் பொட்டலம் வந்தது.

"சரி மாமி, 78-னு வெச்சுக்கலாம்" என்றேன்.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் வழக்கமான ஓட்டம். அவர்களுடைய வங்கி எஞ்சினீயர் வந்து, 29 வயசுக் கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருடம் ஆயுள் என்று எழுதிக் கொடுத்தார், அதை வைத்துத்தான் கடனுக்கு எத்தனை வருடம் என்று போடுவார்கள். சங்கத்திடம் பாக்கியில்லைச் சான்று. சொத்து வரி, குடிநீர் வரி, மின்கட்டண ரசீதுகள். செப்டம்பர் முதல் வாரம் பதிவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வந்து, ஃபோட்டோ எடுத்து, ரேகை வைத்து, "சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க. எனக்கு முட்டி வலி..." என்று அம்மா தொடங்கினாள். பின்னால் நின்றவர்கள் வரை சிரித்துவிட்டார்கள்.

அம்மாவின் கணக்கில் மொத்தம் 77,22,000-தான் வந்தது. எழுபத்தெட்டாயிரம் எங்கே என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. 50 லட்சமும் அதற்கு மேலும் போகிற வீட்டுக்கு வாங்குபவர் ஒரு சதவீதம் வரியாகப் பிடித்து அம்மாவின் பான் எண்ணில் கட்டிவிடுவார், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், இரண்டு வருடத்துக்குள் அடுத்த வீடு வாங்குகிறோமே, அதனால் லாபத்துக்கும் விலக்கு உண்டு என்று ஆடிட்டர் வந்து சொன்ன பிறகுதான் நம்பினாள். நான் சொன்னபோது நம்பவில்லை. நான் கமிஷன் மிச்சம் பிடித்ததும் அதே எழுபத்தெட்டாயிரம், மாமிக்கு அந்தத் தம்பதி கொடுத்ததும் அதே எழுபத்தெட்டாயிரம்.

பதிவு முடிந்த மத்தியானம் மாமி காபி வாங்கிக் கொடுத்தார். டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டேன். "அவங்க எவ்வளவு வரைக்கும் வந்திருப்பாங்க மாமி?"

"முடிஞ்ச வெலையைத் தோண்டப்படாது" என்றார். இதே பதிலை அவர் எத்தனையோ ஓனர்களுக்குச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன்.

பையிலிருந்து நோட்டை எடுத்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார். ஏப்ரல் பக்கம். தலைகீழாக இருந்தாலும் என் தெருப் பெயர் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது மாடி, 810, யு.டி.எஸ். 405. ஓனர் விலைக் கட்டத்தில் கோடு. பக்கத்தில் அவர் போட்ட விலை, அந்தப் பொடி எழுத்தில்: '82. ஆடிக்கு முன்.'

அவரால் அது முடிந்திருக்குமா? ஒன்பது நாள் உபன்யாசத்துக்கு அம்மாவை எந்தப் படியில் இறக்கியிருப்பார்? கேட்க வாயெடுத்தேன். கண்ணாடி இல்லாமலேயே அந்த வரியின் மேல் நேராகக் கோடு இழுத்துவிட்டு நோட்டை மூடினார்.

"ஆரிய கவுடா ரோடு பக்கத்துல ஒரு வீடு வந்திருக்கு. ஓனரைக் கோவிலுக்கு அனுப்பியாச்சு. நாலு மணிக்கு வண்டியை எடுத்துண்டு வந்துடு."